மார்கழிக்கு முன் ஒரு கோழிக்கூடு

அன்புள்ள மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய வீடியோவை இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். கனடாக்காரர் இடுப்பளவு பனியில் நின்றுகொண்டு, கூட்டைச் சுற்றிப் பொலித்தீன் அடித்து, உள்ளே சிவப்புப் பல்ப் தொங்கவிட்டு, வாளித் தண்ணீர் உறையாமல் இருக்க மின்சாரத் தட்டு வைத்திருக்கிறார். அதையே அப்புத்தளையில், உன் லயத்து வீட்டு இஸ்தோப்புக்குப் பக்கத்தில் செய்யப்போகிறாய் என்றும், கிறிஸ்மஸ் வருவதற்குள் இன்னும் 25 குஞ்சு வாங்கப்போகிறாய் என்றும் சொல்கிறாய். பொலித்தீனும் வேண்டாம், சிவப்புப் பல்பும் வேண்டாம், மார்கழியில் குஞ்சும் வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் சிக்னல் போய்விடும்.

அந்த மனிதருடைய குளிர் வேறு, நம் குளிர் வேறு. அங்கே பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக்கும் இறங்கும். நம் அப்புத்தளையில் தை மாதத்து விடியலில் 10, 12 பாகைக்கு இறங்கினால், ஊரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதைப்பற்றிப் பேசும். நுவரெலியாப் பக்கம் தரையில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும். உன் பக்கம் அதுவும் அநேகமாக இல்லை. வளர்ந்த கோழியின் உடம்புச் சூடு 41 பாகைக்கு மேல். இறகைச் சிலிர்த்து அதற்குள் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டால், நம் ஊர்க் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஹோட்டன் சமவெளியில், 2,000 மீற்றருக்கு மேலே, நம் காட்டுக்கோழி இரவில் மரக்கிளையில்தான் உறங்குகிறது. அதற்கு யார் பல்ப் போட்டார்கள்?

ஆனால் அந்த இறகு நனைந்தால் கதை முடிந்தது. நனைந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலைக்குப் போன உன் பாட்டியைக் கேட்டால் தெரியும், குளிரை விட அந்தக் கம்பளிதான் ஆளைக் கொல்லும். ஊவாவுக்குப் பெரிய மழை வடகீழ்ப் பருவத்தில்தான், ஐப்பசி தொடங்கித் தை வரை. நமக்குக் குளிரும் அந்த நாட்களில்தான். கனடாவில் குளிர் காய்ந்து வருகிறது. இங்கே மழையோடும் மூட்டத்தோடும் வருகிறது. ஆகவே நீ தடுக்கவேண்டியது குளிரை அல்ல, ஈரத்தை. மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

பொலித்தீனை எடுத்துக்கொள். கோழிக்கு வியர்க்காது. உடம்பின் ஈரம் மூச்சில் போகிறது, எச்சத்தில் போகிறது. புது எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அதைச் சுற்றி இறுக்கமாகப் பொலித்தீன் அடித்தால் அந்த ஈரம் எங்கே போகும்? இரவில் பொலித்தீனின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்துக் கோழியின் முதுகிலேயே சொட்டும். கீழே எச்சம் புளித்து அமோனியா கிளம்பும். அது கோழியின் மூச்சுக்குழலை அரித்து வைக்கும், பிறகு எந்தச் சளி நோயும் சுலபமாக உள்ளே போகும். குளிர் தாங்காமல் செத்தது என்று நம் ஆட்கள் சொல்லும் கோழிகளில் பாதிக்கு மேல் இப்படி அடைத்து வைத்துச் செத்தவைதான் என்பது என் எண்ணம். ஒன்று செய்து பார். விடியற்காலையில் கூட்டைத் திறந்தவுடன் குனிந்து, கோழி உட்காரும் உயரத்தில் உன் மூக்கை வைத்து மூச்சை இழு. கண் எரிந்தால் கூடு கெட்டிருக்கிறது. நின்றுகொண்டு மோந்தால் தெரியாது.

கனடாக்காரர்களும் விஷயம் தெரிந்தவர்கள்தான். கூரைக்குக் கீழே காற்றுப்போக அவர்களும் இடைவெளி விடுகிறார்கள். கியூபெக்கில் ஓக்கா என்ற ஊர் மடத்தில் வில்ஃப்ரிட் என்ற துறவி, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தக் குளிருக்கென்றே ஷான்டெக்ளேர் என்று ஒரு கோழி இனத்தை உருவாக்கினார். கொண்டையும் தாடியும் இருக்கிறதா இல்லையா என்னும்படி சிறியவை. உறைபனி கடிப்பது கொண்டையைத்தான் என்பதால் அதையே சுருக்கிவிட்டார். கெட்டிக்காரர். ஆனால் உன் வெள்ளைச் சேவலின் கொண்டைக்கு அப்புத்தளையில் அந்த ஆபத்தே இல்லை. அதற்கு வாஸ்லின் தடவிக்கொண்டு திரியாதே.

கூட்டுக்கு முதலில் இடம் பார். லயத்துக்குப் பின்னால் வெட்டிய மண் திட்டை ஒட்டிக் கட்டினால் ஒரு பக்கச் சுவர் மிச்சம் என்று நினைப்பாய். மழைக்கு அந்தத் திட்டிலிருந்து ஊற்று எடுக்கும். அது மட்டுமல்ல, 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்ததைக் கண்ட மாவட்டம் நம்முடையது. திட்டில் வெடிப்பைக் கண்டால் கோழியை மறந்துவிடு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. கூடு திட்டிலிருந்து தள்ளி, காலை வெயில் விழும் பக்கமாக, தரையிலிருந்து ஓரிரண்டு அடி உயரத்தில் நிற்கட்டும். தகரம் சுவரைத் தாண்டி நன்றாக நீண்டிருக்கவேண்டும். கூரைத் தண்ணீர் கானில் போய் விழ வழி செய். மழை அடிக்கும் பக்கத்தில் மட்டும், கோழி உட்காரும் உயரம் வரை பலகை அடி, அல்லது கழுவிய உரச் சாக்குகளைத் தைத்துத் திரை கட்டு. அதற்கு மேலே வலை. காற்று அவற்றின் தலைக்கு மேலாகப் போகவேண்டும், உடம்பில் அடிக்கக்கூடாது. ஆனி ஆடிக் காற்றில் அந்தத் திரையை எதிர்ப்பக்கம் மாற்றிக் கட்டவேண்டி வரும், அதற்கு ஆணி வைத்துக்கொள். வலை நெருக்கமாக இருக்கட்டும். கீரியும் மரநாயும் மழை பார்ப்பதில்லை.

உட்காரும் கம்பு உருண்டையாக வேண்டாம். இரண்டு அங்குலப் பட்டைக் கட்டையை அகலப் பக்கம் மேலே வரும்படி போடு. கோழி விரல்களைத் தட்டையாக வைத்து, வயிற்று இறகால் மூடி உட்காரும்.

தரைக்கு உமி. வெலிமடைப் பக்கம் நெல் ஆலைகளில் மூட்டையாகக் கிடைக்கும். மரத்தூளும் போடலாம், ஆனால் உமி சீக்கிரம் காயும். நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடு. கோழியும் கிளறும், சோளம் நாலு தூவினால் உன் வேலையை அதுவே செய்யும். ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பிழிந்து கையை விரி. உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது, அந்த இடத்தை அள்ளி வெளியே போட்டுப் புது உமி போடு. மழைக்காலத்தில் முழுவதையும் வாரிக் கொட்டிக் கழுவாதே. கழுவிய தரை காயவே காயாது. ஈர உமியில்தான் இரத்தக் கழிச்சல் கிருமி பெருகும், இளங்கோழியை வாரிக்கொண்டு போகும். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கூட்டுக்கு வெளியே தொங்கவிடு, அல்லது கோழி முதுகு உயரத்தில் கல் அடுக்கி அதன் மேல் வை.

சிவப்புப் பல்பைப் பற்றிச் சொல்ல எனக்குப் பயமாகவே இருக்கிறது. லயத்தில் ஒரே கூரை, ஒரே முகடு. ஒரு காம்பராவில் பற்றினால் வரிசை முழுவதும் போகும். எத்தனை லயம் எரிந்த செய்தி நீயே வாசித்திருப்பாய். காய்ந்த உமிக்கு மேலே, இழுத்து முடிச்சுப் போட்ட வயரில், இரவு முழுவதும் ஒரு சூட்டுப் பல்ப். அந்தக் கனடாக்காரருக்குத் தனி வீடு, ஏக்கர் கணக்கில் வெளி. அவர் எரித்தால் அவருடையது மட்டும் எரியும். உனக்கோ இருபுறமும் சுவரை ஒட்டிக் குடும்பங்கள்.

பல்ப் தேவைப்படுவது குஞ்சுக்குத்தான். இறகு முளைக்காத குஞ்சுக்கு முதல் வாரம் 35 பாகை அளவு சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைக்கலாம். வெளியே 12 பாகை இருக்கும் மார்கழியில், கரண்ட் போகும் மலையில், அந்தச் சூட்டைக் காப்பது வீண் போராட்டம். அதனால்தான் இப்போது குஞ்சு வேண்டாம் என்கிறேன். தைப்பொங்கல் கழியட்டும், மாசியில் வாங்கு. அதுவும் ஒருநாள் குஞ்சாக இல்லாமல், இறகு முளைத்த ஒரு மாதக் குஞ்சாக வாங்கு. காசு கொஞ்சம் கூடும், சாவு வெகுவாகக் குறையும். மாசியில் மழை குறைந்திருக்கும். ஆடிக்குள் முட்டைக்கு வரும். அடுத்த ஐப்பசி மழை இறங்கும்போது முழு இறகோடு நிற்கும். இதைவிட மலிவான வழியும் உண்டு. அடைக்கு வரும் ஊர்க்கோழி ஒன்றைப் பிடித்துவை. 21 நாள் உட்கார்ந்து பொரித்து, வயிற்றுக்குக் கீழே வைத்து வளர்க்கும். கரண்ட் பில்லும் இல்லை, தீயும் இல்லை.

குளிரில் முட்டை குறையும், லைட் போடவேண்டும் என்று வீடியோவில் சொன்னதையும் விட்டுவிடு. மொன்றியலில் மார்கழிப் பகல் 9 மணி நேரத்துக்கும் குறைவு, கோழி முட்டையை நிறுத்துவதில் ஆச்சரியமில்லை. நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. உன் கோழி முட்டையைக் குறைத்தால் இறகு உதிர்க்கிறதா என்று பார், தீன் போதுமா என்று பார். குளிரில் உடம்பைச் சூடாக்கவே தீனில் ஒரு பங்கு செலவாகும். முட்டைக் கோழிக்கு நாளைக்கு 110, 120 கிராம் லேயர் தீன் என்பது கணக்கு. மழை நாட்களில் பொழுது சாயும்போது அதற்கு மேல் ஒரு கைப்பிடி சோளம் போடு. மொனராகலையிலும் பதுளை மாவட்டத்துப் பள்ளப் பக்கங்களிலும் விளைவதுதான், பதுளைச் சந்தையில் கிடைக்கும். ஆனால் மூட்டையைச் சுவரில் சாய்க்காதே, பலகை போட்டு அதன் மேல் வை. பூஞ்சணம் பிடித்த சோளம் ஈரலைக் கெடுக்கும். மணியை உடைத்து மோந்து பார், மக்கிய வாசம் அடித்தால் அதைக் கோழிக்குக் காட்டாதே. தோட்டத்துக் கோவா இலை, லீக்ஸ் தாள் கொடுக்கலாம், மருந்தடித்த தோட்டத்துடையது என்றால் வேண்டாம். மலையில் புல்லுக்கு மருந்தடிக்கும் நாளில் கோழியை அடைத்து வை.

25 என்ற எண்ணத்தையும் விடு. பத்து போதும். ஒரு கோழிக்கு மூன்று சதுர அடி கொடுத்தால் ஆறுக்கு ஐந்து அடியில் ஒரு கூடு, அவ்வளவுதான் உன் வாசலில் இடம். அதே கூட்டில் 25 கோழி என்றால் இரண்டரை மடங்கு எச்சம், இரண்டரை மடங்கு ஈரம். பக்கத்து வீட்டுக்காரரும் வாசத்தைப் பொறுக்கமாட்டார். சொந்தக் காணியும் தனி வீடும் கையில் வரும்போது கூட்டிக்கொள்ளலாம். தோட்டத் துரையிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடு. கட்டிய பிறகு உடைக்கச் சொன்னால் மனசு கேட்காது.

இன்னொன்று. விற்கத்தான் வளர்க்கிறேன் என்கிறாய், சரி. ஆனால் 2016 சுகாதாரக் கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17, தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 32 அளவில். கொழுந்து நிறுக்கிற நம் வீடுகளில்தான் இந்தக் கணக்கு. உன் இரண்டு பிள்ளைகளுக்கும் நாளைக்கு ஒரு முட்டை ஒதுக்கிய பிறகு மீதியைக் கடைக்குக் கொண்டுபோ.

கடைசியாக நோய். இரவு ஒன்பது மணிக்கு வீட்டு லைட்டை அணைத்துவிட்டுக் கூட்டுக்குப் பக்கத்தில் நின்று கேள். தும்மலோ, மூச்சில் கரகரப்போ இருந்தால் அந்தக் கோழியை அன்றைக்கே பிரித்துவிடு. புதிதாக வாங்கியதை இரண்டு வாரம் தனியே வைத்துப் பிறகு சேர். செத்ததைக் கானில் எறியாதே, ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதை. ராணிக்கெட் வந்தால் மருந்தே இல்லை, தடுப்பு மட்டும்தான். தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, கைக்கு நோவில்லாத வேலை. ஆனால் ஒரு போத்தலில் நூற்றுக்கணக்கான கோழிக்கு மருந்து இருக்கும், கரைத்துவிட்டால் உடனே போட்டு முடிக்கவேண்டும், குளிர் குறையாமல் கொண்டுவரவேண்டும். உன் பத்துக் கோழிக்கென்று யாரும் மலையேறி வரமாட்டார்கள். மேட்டு லயம், பணிய லயம் இரண்டிலும் கோழி வைத்திருப்பவர்களைக் கூட்டி, மொத்தம் எத்தனை கோழி என்று எழுதிக்கொண்டு, அடுத்த வாரமே அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போ. என்ன தேதி கொடுத்தார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா
பதுளை