தகடூர் நாட்டுத் தாயரும் மனச்சோர்வும்

தகடூர் என்றவுடன் தமிழ் மாணாக்கராகிய நமக்கு அதியமானும் ஔவையும் நினைவிற்கு வருவர். அத்தகடூரே இன்றைய தருமபுரி. அந்நாட்டுச் சிற்றூர்களில் மகப்பேற்றின்பின் தாயரைப் பற்றும் மனச்சோர்வைக் குறித்து ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

ஈன்றவள் உறக்கமும் உணவுமின்றி அழுதவண்ணம் இருப்பின், ஊரார் காற்றுக் கருப்பு என்பர். மாமியார் சோம்பல் என்பர். மருத்துவர் நோய் என்பர். அந்நோயின் வித்து அவள் உள்ளத்தில் மட்டுமோ கிடக்கின்றது? வேலூரையடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் சூலுற்ற மகளிரைப் பேற்றிற்கு முன்னும் பின்னும் வினவி நிகழ்த்திய ஆய்வொன்று 2002-இல் வெளிவந்தது. பேற்றின்பின் புதிதாகச் சோர்வுற்றோர் நூற்றுக்கு 11 பேர். வறுமை, ஆண்மகவை விழைந்திருக்கப் பெண்மகவு பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, வேலைக்குத் துணையின்மை ஆகியன அவர்பால் மிகுந்திருந்தன.

பெற்றோரோடும் பிணக்கு என்பது வியப்பன்று. முதற்பேறு தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அச்செலவும் சீரும் கடனாய் ஏறியபின் அன்பும் சற்றே கசக்கும்.

பெண்மகவு பற்றித் தருமபுரிக்குத் துயரமான வரலாறுண்டு. பெண்சிசுக் கொலையைத் தடுத்தற்கு 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இம்மாவட்டத்திற்கும் விரிந்தது. தொட்டில் குழந்தையைக் காத்தது. தாயை யார் வினவினர்? பெண் பிறந்ததென்று வீடு முழுதும் வாய்மூடியிருக்கும்போது அம்மௌனம் முழுதும் அவள் மடியிலன்றோ இறங்குகின்றது!

மானாவாரி நிலம் பொய்த்தால் கணவன் பெங்களூருக்குக் கட்டடவேலை தேடிச் செல்வான். கைக்குழந்தையும் கடன்காரரும் அவளிடம் எஞ்சுவர். 1989-இல் தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்கள் முளைத்த மண் இதுவே. மகளிர் உரிமைத்தொகை விண்ணப்ப முகாமும் 24-7-2023 அன்று தொப்பூரிலேயே தொடங்கிற்று. திங்கள்தோறும் 1000 ரூபாய் பெண்ணின் கையில் சேர்தல் நன்றே. ஆயின் குடும்ப அட்டை ஒன்றிற்கு ஒருத்தியே பெறுவாள். அவள் 21 அகவை நிரம்பியவளாகவும் இருத்தல் வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் அட்டை மாமியார் பெயரில் இருப்பின், சோர்வுற்ற இளந்தாய்க்கு அது எட்டாது.

சென்ற விடுமுறையில் பென்னாகரப் பக்கத்தில் இரண்டாம் பெண்மகவை ஈன்ற உறவினள் ஒருத்தியைக் காணச் சென்றிருந்தோம். வந்தவரெல்லாம் குழந்தையின் எடையைக் கேட்டனர், நிறத்தைக் கேட்டனர். அவள் சுவரை நோக்கிக் கிடந்தாள். உறங்கினாயா என்று யாமும் கேட்டிலேம்.