நம்பிக்கைகளும் உண்மைகளும்: பாட்டன் ஊருக்கு டிக்கெட் எடுக்குமுன்

மலேசியாவின் பாகான் செராயில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் சொல்வார்: “தாத்தா பொறந்த ஊரப் பாக்கப் போறோம்.” எந்த ஊர் என்று கேட்டால் “நாகப்பட்டினம்” என்பார். இன்னொருவர் “மெட்ராஸ்” என்பார். விமான டிக்கெட் எடுத்தாயிற்று. ஊர்தான் இன்னும் கிடைத்தபாடில்லை.

நாகப்பட்டினம் பெரும்பாலோருக்குக் கப்பலேறிய இடம், பிறந்த இடமல்ல. மலாயாவுக்கு ஆளனுப்பிய முகாம்கள் இரண்டு இருந்தன: நாகைக்குப் பக்கத்தில் பாப்பாகோவில், சென்னைக்குப் பக்கத்தில் ஆவடி. திருச்சி, சேலம், தென்னார்க்காடு, வடார்க்காடு, தஞ்சாவூர் ஜில்லாக்களின் உள்கிராமத்து ஆட்கள் அங்கே தங்கி, உடல் பரிசோதனை முடிந்து கப்பலுக்குப் போனார்கள். தாத்தா பிள்ளைகளிடம் சொன்னது கப்பல் கதை. அதிலிருந்த துறைமுகத்தைப் பேரப்பிள்ளைகள் ஊராக எடுத்துக்கொண்டார்கள்.

“சஞ்சிக்கூலியா வந்தாரு, ராஜூலா கப்பல்ல வந்தாரு” என்பது அடுத்தது. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒட்டாது. ராஜூலா ஓடத் தொடங்கியதே 1926-ல்; 1973 வரை ஓடியது. சஞ்சிக்கூலி என்ற ஒப்பந்த முறையில் ஆள் எடுப்பதோ 1910-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. பாகான் செராய் அடங்கிய கிரியான் மாவட்டத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர் ராஜூலாவில் ஏறியிருந்தால், அது ஊருக்குப் போய்த் திரும்பிய பயணமாகத்தான் இருக்கும். பல வீடுகளில் பாட்டன் கதையும் அவர் மகன் கதையும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. முதலில் அதைப் பிரித்தாக வேண்டும். வந்த காலம் தெரிந்தால்தான் தேடும் வழி தெரியும்.

காரணம் இது. ரப்பர் தோட்டங்களுக்குப் பெரும்பாலும் கங்காணிதான் ஆள் கொண்டுவந்தார். 1938-ல் இந்திய அரசு தடுக்கும்வரை அது நடந்தது. கங்காணி முன்பின் தெரியாத சீமையில் போய் ஆள் பிடிப்பதில்லை. தன் ஊர், மாமன் மச்சான் ஊர், அக்கம்பக்கத்துக் கிராமம் என்றுதான் சுற்றுவார். எனவே தாத்தாவின் ஊர் தெரியாவிட்டால் கங்காணியின் ஊரைக் கேளுங்கள். கங்காணியின் பேரன் பாரிட் புந்தாரிலோ தைப்பிங்கிலோ இருப்பார். அடுத்த லயத்தில் குடியிருந்தவர்களின் பிள்ளைகளும் அதே கூட்டத்தில் வந்தவர்களாக இருக்கக்கூடும். என்னைக் கேட்டால், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு வாரம் உட்காருவதைவிட இது பலன் தரும்.

ஆவணங்களைப் பற்றி ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு நம்பிக்கைகள் உண்டு. “எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும், பேரைத் தட்டினா வந்துரும்” என்பது ஒன்று. மொரீஷியஸ், பிஜி, நேட்டால் தமிழர்களுக்கு இது ஓரளவு பொருந்தும். ஒப்பந்தத்தில் போன ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, ஊர், தாலுகா, தகப்பன் பெயர் வரை எழுதிவைத்தார்கள். கங்காணி வழியில் மலாயா வந்தவர்களுக்கு அப்படி ஒரே இடத்தில் தேடக்கூடிய பேரேடு கிடையாது. “ஜப்பான்காரன் காலத்துல எல்லாம் எரிஞ்சு போச்சு” என்பது மற்றது. எல்லாம் எரிந்துபோயிற்று என்று ஐரிஷ் வம்சாவளிக்காரர்களும் சொல்வார்கள். 1922-ல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது உண்மை. ஆனால் 1901, 1911 குடிக்கணக்குகள் தப்பின. கத்தோலிக்கத் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகள் பங்குகளிலேயே இருந்ததால் பிழைத்தன. இன்று இரண்டையும் வீட்டிலிருந்தபடியே இலவசமாகப் பார்க்கலாம். பாகான் செராய்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் அப்படி ஒரு வாய்ப்பு உண்டு. பின்னாளில் மலாக்கா ஆயரான பிரெஞ்சுக் குரு ரெனே ஃபே 1880-களில் தமிழ்க் கத்தோலிக்கர்களை இங்கே குடியமர்த்தினார். கோயில் திருமணப் பதிவில் பெற்றோர் பெயரும், சில சமயம் சொந்தப் பங்கும் இருக்கும்.

மற்றவர்கள் முதலில் இரும்புப் பெட்டியைத் திறக்கட்டும். சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), பழைய ஐசி (அடையாள அட்டை), இறப்புப் பத்திரம் எல்லாம் தேவைதான். ஆனால் பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் “இந்தியா” என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடும். கடுதாசிதான் பேசும். நீல ஏரோகிராமைத் திருப்பினால் அனுப்பியவர் விலாசம்: பெயர், கிராமம், போஸ்டு, தாலுகா, ஜில்லா. போஸ்டு என்று எழுதியிருப்பது தபாலாபீஸ் இருக்கும் ஊர். அவர் கிராமம் அங்கிருந்து நாலு மைல் தள்ளி இருக்கலாம். முத்திரையின் வட்டத்துக்குள் இருப்பதும் அந்தத் தபாலாபீஸ் பெயரே. ஜில்லாவையும் இன்றைய வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். தென்னார்க்காடு 1993-ல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. 2019-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. பழைய சேலம் ஜில்லாவிலிருந்த நாமக்கல் தாலுகா இப்போது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது.

பெயர் விஷயத்தில் ஐரிஷ்காரர்கள் பாடு தேவலை. அவர்களுக்குக் குடும்பப் பெயர் தலைமுறைகளைத் தாண்டி வரும். நமக்குத் தகப்பன் பெயரோடு கயிறு அறுந்துவிடும். அதிலும் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒரே வீராசாமியை மூன்று விதமாக எழுதியிருப்பார். எழுத்துக்கூட்டலை நம்பி “இது நம்ம ஆள் இல்லை” என்று எந்தத் தாளையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

“தாத்தா ஊருக்கே திரும்பிப் போயிட்டாரு” என்று முடியும் கதைகளில் ஆண்டைப் பாருங்கள். 1942-க்கும் 1945-க்கும் இடைப்பட்டதென்றால் அவர் ஜப்பானியரால் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவராக இருக்கலாம். தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன பல்லாயிரம் தமிழர்களுக்கு, கைதான நேச நாட்டுப் படைவீரர்களுக்கு இருப்பதுபோல் பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. அவர் வராத கிராமத்தில் போய்த் தேடி அலைய வேண்டாம்.

மரபணுப் பரிசோதனை? எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் தென்னிந்தியா என்று வரும். அது கண்ணாடியைப் பார்த்தாலே தெரியும்.

கிராமம் தெரிந்து போனபிறகும் ஒரு சிக்கல். “போய் இறங்கினதும் கட்டிப்பிடிச்சு அழுவாங்க” என்று எதிர்பார்ப்போம். சில வீடுகளில் வாசலிலேயே நிறுத்திப் பேசுவார்கள். மலேசியாவிலிருந்து பங்காளி வந்திருக்கிறான் என்றால் நிலத்தில் பங்கு கேட்கத்தான் என்ற பயம். நேரே விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) அலுவலகத்துக்குப் போய் நிலப் பட்டா, சிட்டா என்று ஆரம்பித்தால் அந்தப் பயம் உறுதியாகிவிடும். குலதெய்வக் கோயில் வழியாகப் போவது நல்லது. மாரியம்மன் என்று மட்டும் தெரிந்தால் பயனில்லை, ஊருக்கு ஊர் மாரியம்மன் உண்டு. கூட இருக்கும் காவல் தெய்வத்தின் பெயர், பொங்கல் எங்கே வைப்பார்கள், கிடா வெட்டு உண்டா என்று பாட்டி சொன்ன துணுக்குகள்தான் அடையாளம். கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டு இருந்தால் பங்காளி வீடுகள் வரிசையாக அதில் இருக்கும். பல கோயில்களில் மாசி சிவராத்திரிக்கு அவர்கள் அத்தனை பேரும் வெளியூரிலிருந்து வந்து கூடுவார்கள். சில ஊர்களில் பங்குனி உத்திரத்துக்கு, சில இடங்களில் ஆடியில். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்துக் கிளம்புகிறவர்களுக்குப் பூட்டிய கோயிலும் பூசாரியின் கைப்பேசி எண்ணும்தான் கிடைக்கும்.