மயில் ஏன் பெருகுகிறது?

திருவானைக்காவலிலிருந்து காவிரியைக் கடந்து, மதுரைச் சாலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் சென்றால் விராலிமலை வரும். முருகன் கோயிலைச் சுற்றிய பாறைகளிலும் புதர்களிலும் மயில்கள் உலவுவதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். இன்று மயில் காண அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, வயற்காடுகளிலேயே காணலாம். 2023-இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, பல பறவையினங்கள் குறைந்து வருகையில் மயில் வேகமாகப் பெருகுவதாகக் கூறுகிறது. இது ஏன்?

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் வசதிக்காக நாமே வைத்துக்கொள்பவை. ஓரிடத்தில் 100 மயில்கள். அவற்றில் 50 பெட்டைகள். பெட்டைக்கு ஆண்டில் 5 வீதம் 250 முட்டைகள். ஆண்டுதோறும் 20 மயில்கள் இறக்கின்றன என்க. எண்ணிக்கை மாறாதிருக்க 250-இல் 20, அதாவது 8 விழுக்காடு, பிழைத்து வளர்ந்தால் போதும். அதுவே 16 விழுக்காடானால்? புதியவை 40, இறப்பு 20. ஆண்டு முடிவில் 120. இதே வீதம் நீடித்தால் நான்கே ஆண்டுகளில் இரட்டிப்பு! (இளம்பெட்டை முட்டையிட இரண்டாண்டு போல ஆவதால், உண்மையில் இன்னும் சற்றுத் தாமதமாகும்.)

ஆகவே இரகசியம் கூட்டில்தான் இருக்கிறது. மயில் மரத்தில் உறங்கும்; முட்டையிடுவதோ தரையில், புதர் மறைவில். ஏறத்தாழ 28 நாட்கள் அடைகாக்க வேண்டும். நரி, கீரி, நாய் எதுவும் முட்டையையோ குஞ்சையோ தின்றுவிடலாம். நரி அருகிய இடங்களில் குஞ்சுகள் கூடுதலாகத் தப்பும். நம் குளக்கரைகளை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலமும் மயிலுக்கு நல்ல மறைவிடம். பக்கத்திலேயே நெல்லும் நிலக்கடலையும் கிடைக்கின்றன. இவற்றோடு சட்டமும் சேர்ந்தது: மயில் 1963-இல் தேசியப் பறவையானது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை வேட்டையாடுவதைத் தடை செய்தது.

மயிலின் குடும்பத்தைச் சேர்ந்ததே வான்கோழி. வேட்டையாலும் காடழிப்பாலும் அமெரிக்கக் காட்டு வான்கோழிகள் 1930-களில் சுமார் இரண்டு இலட்சமாகக் குறைந்தன. பண்ணையில் வளர்த்தவற்றைக் காட்டில் விட்டார்கள், அவை பிழைக்கவில்லை. காட்டுப் பறவைகளையே வலைவீசிப் பிடித்து வேறு காடுகளில் விட்ட பிறகுதான் எண்ணிக்கை உயர்ந்து அறுபது இலட்சத்தைத் தாண்டியது. அங்கே குஞ்சுக்குப் பெரும் எதிரி, குளிர்ந்த மழை. இங்கே பௌதிகம் நுழைகிறது, பாருங்கள். உருவம் சிறுக்கச் சிறுக்க, பருமனை நோக்கப் பரப்பளவு கூடும். எனவே சிறு குஞ்சு வெப்பத்தை விரைவில் இழக்கும். தூவி நனைந்தால் இழப்பு இன்னும் அதிகம்.

குஞ்சுகள் முதல் வாரங்களில் பெரும்பாலும் பூச்சிகளையே தின்று வளர்கின்றன. பூச்சிமருந்து மிகுந்த வயலில் அந்த உணவு குறையும்.

மயில் பெருகியதால் உழவருக்கு இழப்பு என்பதும் உண்மை. நாற்றை மிதித்து, கடலையைக் கிளறிவிடுகிறது. சிலர் தானியத்தில் நஞ்சு கலந்து வைக்கிறார்கள். அது குற்றம், தவிர, அந்தத் தானியத்தைத் தின்னும் புறாவும் கவுதாரியும்கூடச் சாகும். நம் கணக்கையே பாருங்கள். முட்டைகள் 8 விழுக்காட்டுக்கு மேல் பிழைக்கும் வரை, கொன்ற இடத்தைப் புதிய மயில்கள் நிரப்பிக்கொண்டே இருக்கும். வயலோரத்துக் கருவேலப் புதரைக் குறைப்பது கூட்டையே தொடும் வழி.

உங்கள் ஊரில் குஞ்சுகளுடன் திரியும் பெட்டையைக் கண்டால், குஞ்சுகளை எண்ணித் தேதியுடன் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் எண்ணுங்கள்.