மீண்டும் மோட்டார் சைக்கிள் ஓடத் தொடங்குவோருக்கு: கைக்கு எட்டும் காப்புறுதி

இந்தப் பாடம் யாருக்கு?

பல வருடங்கள் வெளியில் இருந்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பி வந்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் குடியமர்ந்திருக்கும் குடும்பங்களுக்காக இது எழுதப்பட்டுள்ளது. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வந்தவர்கள், மத்திய கிழக்கில் வேலை முடித்து வந்தவர்கள், ஐரோப்பாவிலிருந்து திரும்பியவர்கள் எனப் பலரும் தொழிலுக்காக முதலில் வாங்க நினைப்பது மோட்டார் சைக்கிளைத்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் காசு மிஞ்சும், சாப்பாட்டுப் பார்சலோ மரக்கறியோ கொண்டுபோய்க் கொடுக்கலாம். நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே.

ஆனால் கைக்காசு முழுவதையும் சைக்கிளில் போட்ட பிறகு, காப்புறுதிக்கு ஆகக் குறைந்த விலை எது என்று மட்டுமே பலர் கேட்கிறார்கள். விபத்து நடந்து, பத்திரத்தில் எழுதியிருப்பதும் உண்மை நிலையும் பொருந்தவில்லை என்றால், கட்டிய பணமும் போய் இழப்பீடும் கிடைக்காமல் போகலாம். தேவைப்படும்போது பணம் தருகின்ற காப்புறுதியே மலிவான காப்புறுதி. இந்தப் பாடத்தின் சாரம் அதுதான்.

1. சட்டம் கேட்பது என்ன?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வீதியில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். உங்களால் இன்னொருவருக்கு உயிரிழப்போ காயமோ ஏற்பட்டால் அதற்கான பொறுப்பை ஏற்பது இந்தக் காப்புறுதி. உங்கள் சைக்கிளின் சேதத்துக்கு இதில் ஒரு சதமும் கிடைக்காது. பிறருடைய சொத்துச் சேதத்துக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்பது பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தொகையை வாசித்துப் பாருங்கள். காலி வீதியில் ஒரு விலை உயர்ந்த காரின் பக்கக் கதவில் உரசினாலே திருத்தச் செலவு பெரிதாக வரும்.

முழுமையான காப்புறுதி எடுத்தால், மூன்றாம் தரப்புப் பொறுப்புடன் உங்கள் சைக்கிளுக்கு ஏற்படும் விபத்துச் சேதம், களவு, தீ ஆகியனவும் அடங்கும். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றால் வரும் சேதம் தனியாகச் சேர்க்கப்பட வேண்டிய ஒன்று. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இதற்கான நிதியத்தை நிர்வகிக்கிறது. 1983 ஜூலையைக் கொழும்பில் கண்டவர்களுக்கு இதன் அவசியத்தைச் சொல்லத் தேவையில்லை. விலை கேட்கும்போது, “கலவரச் சேதம் சேர்த்தா, சேர்க்காமலா?” என்று கேளுங்கள்.

2. ஓடாமல் இருந்த வருடங்கள் விலையைக் கூட்டுமா?

மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு நீங்கள் எத்தனை வருடம் ஓடாமல் இருந்தீர்கள் என்று பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். இடைவெளியின் பாதிப்பு முழுமையான காப்புறுதியில்தான் தெரியும். வருடக்கணக்கில் கோரிக்கை எதுவும் செய்யாதவருக்குக் கட்டுப்பணத்தில் தரப்படும் கழிவை ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்பார்கள். காப்புறுதி விட்டுப்போனால் இந்தக் கழிவும் விட்டுப்போகலாம். இருந்தாலும் பழைய நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் பெற்றுக் காட்டிக் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. வெளிநாட்டில் வாகனம் ஓடியவர்கள் அங்குள்ள காப்புறுதிக் கடிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அதை ஏற்பதா இல்லையா என்பது நிறுவனத்தின் தீர்மானம்.

பழைய நிறுவனத்தின் பெயரே இன்று இல்லாமல் இருக்கலாம். 1980களின் பிற்பகுதி வரை இலங்கையில் காப்புறுதி அரச கூட்டுத்தாபனங்களின் கையில் இருந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின்னரே தனியார் நிறுவனங்கள் வந்தன. தேசிய காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தை 2001இல் ஜனசக்தி வாங்கியது. ஜனசக்தியின் பொதுக் காப்புறுதி நிறுவனத்தை 2018இல் அலையன்ஸ் வாங்கியது. யூனியன் அஷூரன்ஸின் பொதுக் காப்புறுதிப் பிரிவு இன்று ஃபெயார்ஃபெஸ்ட் என்ற பெயரில் இயங்குகிறது. ஆகவே பழைய பத்திரம் கையில் இருந்தால், அந்தப் பெயரை இன்று யார் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து அங்கே கடிதம் கேளுங்கள்.

இன்று பத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் வாகனக் காப்புறுதி விற்கின்றன. அன்று ஒரே இடத்தில் கட்டிவிட்டு வந்த பழக்கத்தை விட்டு, இன்று மூன்று இடத்திலாவது விலை கேட்கலாம்.

3. முதலில் சாரதி அனுமதிப்பத்திரம்

உரிய அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓடும்போது விபத்து நடந்தால், காப்புறுதி நிறுவனம் உங்கள் கோரிக்கையை மறுக்கலாம். ஆகவே காப்புறுதிக்கு முன்பே இதைச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவது, முடிவுத் திகதி. அட்டையில் உள்ள திகதி கடந்திருந்தால் புதுப்பிக்க வேண்டும். இதற்கு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேரஹெர அலுவலகத்துக்குச் செல்லலாம். தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவனத்தின் மருத்துவச் சான்றிதழ் தேவைப்படும்.

இரண்டாவது, வகுப்பு. ‘ஏ1’ என்பது 100 சிசி வரையான சைக்கிள்களுக்கு மட்டும். அதற்கு மேற்பட்டவைக்கு ‘ஏ’ வகுப்பு வேண்டும். முன்பு சிறிய சைக்கிள் ஓடிய ஒருவர் இன்று 125 அல்லது 150 சிசி சைக்கிள் வாங்கினால், தனது அட்டையில் ‘ஏ’ இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

மூன்றாவது, வெளிநாட்டு அனுமதிப்பத்திரம். அதை இலங்கை அனுமதிப்பத்திரமாக மாற்றிக்கொள்ளும் நடைமுறை திணைக்களத்தில் உண்டு. மாற்றுவதற்கு முன் அதை நம்பி வீதியில் இறங்க வேண்டாம்.

4. சைக்கிள் யாருடைய பெயரில்?

பழைய சைக்கிள் வாங்கும்போது ‘ஓபன் பேப்பர்’ என்று சொல்லி, விற்பவரின் கையொப்பத்துடன் வாங்குபவரின் பெயர் எழுதாத படிவங்களைத் தருவார்கள். பெயர் மாற்றும் செலவு மிச்சம் என்று பலர் அப்படியே ஓடுகிறார்கள். ஆனால் பதிவுச் சான்றிதழில் வேறொருவர் பெயர் இருக்க, இழப்பீட்டுப் பணத்தை உங்கள் கையில் தரும்படி கேட்பது கடினம். முன்னைய உரிமையாளர் வெளிநாடு போயிருந்தால் அல்லது இறந்துபோயிருந்தால் சிக்கல் இன்னும் கூடும்.

வாங்கியவுடன் பெயரை மாற்றுங்கள். நாரஹேன்பிட்டியில் உள்ள திணைக்களத்தில் அதற்கான படிவங்கள் உண்டு. புதிய முகவரிக்குக் கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சியை ஆயத்தமாக வைத்திருங்கள். வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தின் கீழும், கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரதேச செயலகத்தின் கீழும் வருகின்றன.

லீசிங்கில் வாங்கினால், கடன் முடியும் வரை முழுமையான காப்புறுதி வேண்டும் என்று லீசிங் நிறுவனம் கேட்கும். மாதத் தவணையைக் கணக்குப் பார்க்கும்போது இந்தக் கட்டுப்பணத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

5. எவ்வளவு பெறுமதிக்குக் காப்புறுதி செய்வது?

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய சைக்கிள்களின் விலை மிகவும் கூடியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. இப்படி விலை ஏறி இறங்கும் காலத்தில், கட்டுப்பணத்தைக் குறைப்பதற்காகச் சைக்கிளின் பெறுமதியைக் குறைத்துச் சொல்வது ஆபத்து. பல பத்திரங்களில் ‘எவரேஜ்’ என்ற நிபந்தனை உண்டு. குறைத்துச் சொன்ன விகிதத்திலேயே இழப்பீடும் குறையும்.

மாதிரிக் கணக்கு:

சைக்கிளின் உண்மையான சந்தை விலை 600,000 ரூபா. நீங்கள் காப்புறுதி செய்த தொகை 300,000 ரூபா. விபத்தில் திருத்தச் செலவு 80,000 ரூபா. பாதிப் பெறுமதிக்கே காப்புறுதி செய்ததால், நிபந்தனையின்படி கிடைப்பது பாதி, அதாவது 40,000 ரூபா. மீதி 40,000 உங்கள் கையிலிருந்து போகும். கோரிக்கையின் முதற் பகுதியை நீங்களே ஏற்க வேண்டும் என்ற ‘எக்ஸஸ்’ நிபந்தனையும் இருந்தால், கிடைப்பது இன்னும் குறையும்.

கூட்டிச் சொல்வதாலும் பயனில்லை. களவு போனால் சந்தை விலைக்கு மேல் தரமாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது அன்றைய விலையை விசாரித்து எழுதுங்கள்.

சைக்கிள் மிகப் பழையது, விலை குறைந்தது என்றால் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் போதுமானதாக இருக்கலாம். இதைத் தீர்மானிக்க ஒரு கேள்வி உதவும்: நாளைக்கு இந்தச் சைக்கிள் களவு போனால், கடன் வாங்காமல் இன்னொன்று வாங்க முடியுமா? முடியாது என்றால், அந்தச் சைக்கிள்தான் உங்கள் தொழில் என்றால், முழுமையான காப்புறுதியின் விலையைக் கேட்காமல் விடாதீர்கள்.

6. தொழிலுக்கு ஓடுகிறீர்களா?

தனிப்பட்ட பாவனைக்கென்று எடுத்த காப்புறுதி, வாடகைக்கு ஆள் ஏற்றுவதையோ பொருள் விநியோகிப்பதையோ உள்ளடக்காமல் இருக்கலாம். பிக்மீ, ஊபர் போன்றவற்றுக்கு ஓடுபவர்களும், வீட்டில் சமைத்த மதியச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுபோகிறவர்களும் விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். கட்டுப்பணம் சற்றுக் கூடும். ஆனால் பின்னால் பெட்டி கட்டிய சைக்கிள் விபத்தில் அகப்பட்டால், அது என்ன பாவனையில் இருந்தது என்று மதிப்பீட்டாளருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் மகனும் ஓடுவார், தம்பியும் ஓடுவார் என்றால் அதையும் சொல்லுங்கள். யார் யார் ஓடலாம் என்பது பத்திரத்தில் குறிப்பிடப்பட்டிருக்கும்.

7. விலை கேட்கும் முறை

ஒரே நாளில் மூன்று நிறுவனங்களிடம் கேளுங்கள். மூன்று இடத்திலும் ஒரே விபரத்தைச் சொன்னால்தான் விலைகளை ஒப்பிடலாம். கையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, அனுமதிப்பத்திரம், பதிவுச் சான்றிதழ், பழைய காப்புறுதிக் கடிதம் இருந்தால் அதுவும்.

கேட்க வேண்டிய கேள்விகள்:

– இந்த விலை வரிகள் சேர்த்தா? 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். வரி சேர்க்காத விலையைச் சொல்லி மலிவு என்பவர்கள் உண்டு.
– எக்ஸஸ் எவ்வளவு? திருத்தச் செலவில் முழு உதிரிப்பாக விலையும் தருவீர்களா, பழமைக்குக் கழிப்பீர்களா?
– பின்னால் இருப்பவருக்குக் காயம் ஏற்பட்டால் என்ன கிடைக்கும்?
– தவணையாகக் கட்டலாமா? ஒரு தவணை தவறினால் காப்புறுதி நின்றுவிடுமா?
– நிபந்தனைகளைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் உண்டா?

பதில்களை ஒரு தாளில் எழுதி வாருங்கள். முகவர் வாயால் சொன்னது பத்திரத்தில் இல்லாவிட்டால் அது இல்லை என்றே கொள்ள வேண்டும். பணம் கட்டினால் நிறுவனத்தின் பற்றுச்சீட்டு உடனே கேளுங்கள். விளங்காத மொழியில் உள்ள படிவத்தில் கையொப்பம் வைக்க வேண்டாம். வெற்றுப் படிவத்திலும் வைக்க வேண்டாம்.

8. எது முதலில், எது பிறகு?

வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது காப்புறுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்பார்கள். எனவே வரிசை இதுதான்: பெயர் மாற்றம், காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம். உறவினர் வீட்டில் வருடக்கணக்கில் நின்ற சைக்கிள் என்றால், வருமான அனுமதிப்பத்திர நிலுவையும் தண்டப்பணமும் வரலாம். வாங்குவதற்கு முன் அதை விசாரித்து, விலையில் குறைத்துப் பேசுங்கள். புகைப் பரிசோதனைக்கு முன் கராஜில் காட்டி எஞ்சினைச் சரிசெய்தால் இரண்டாம் முறை கட்டணம் கட்ட வேண்டி வராது.

9. வீதியில் இறங்கும் முன்

நீங்கள் விட்டுப்போன கொழும்பு இப்போது இல்லை. காலி வீதியில் பஸ்களும் முச்சக்கரவண்டிகளும் இடம்விடாமல் ஓடும். கொட்டாஞ்சேனைப் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லொறிகள் திரும்பும்போது, பக்கத்தில் நிற்கும் சைக்கிள் சாரதியின் கண்ணில் படாது. முதல் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாலையில் ஆள் ஏற்றாமல் ஓடிப் பழகுங்கள். தலைக்கவசம் உங்களுக்கும் பின்னால் இருப்பவருக்கும் வேண்டும். முதல் வருடம் கோரிக்கை இல்லாமல் போனால் அடுத்த வருடம் கழிவு கேட்கலாம். கவனமாக ஓடுவதும் கட்டுப்பணத்தைக் குறைக்கும் வழிதான்.

10. விபத்து நேர்ந்தால்

காயம் இருந்தால் முதலில் 1990 அம்புலன்ஸ், பிறகு 119 பொலிஸ். அடுத்து, அந்த இடத்திலிருந்தே காப்புறுதி நிறுவனத்தின் இலக்கத்தை அழையுங்கள். பல நிறுவனங்கள் விபத்து நடந்த இடத்துக்கே மதிப்பீட்டாளரை அனுப்புகின்றன. அந்த இலக்கத்தை இன்றே கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள். படம் எடுங்கள். “பிழை என்னுடையதுதான், காசு தருகிறேன்” என்று வீதியில் வைத்து வாக்குக் கொடுக்க வேண்டாம். மொழி தெரியாவிட்டால், பொலிஸில் எழுதும் முறைப்பாட்டை வாசித்துக் காட்டும்படி கேட்டு, விளங்கிய பின் கையொப்பமிடுங்கள்.

கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் பதில் திருப்தி இல்லை என்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். அதன் அலுவலகம் கோட்டையில் உலக வர்த்தக மையத்தின் கிழக்குக் கோபுரத்தில் உள்ளது.

பயிற்சி

குடும்பத்தில் உள்ளவர்களுடன் இருந்து இவற்றுக்கு விடை எழுதுங்கள். விடை தெரியாத கேள்விதான் நாளை நீங்கள் அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

1. எனது அனுமதிப்பத்திரம் எந்தத் திகதி வரை? எந்த வகுப்பு? வாங்கப்போகும் சைக்கிள் எத்தனை சிசி?
2. பதிவுச் சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கிறது?
3. சைக்கிளின் இன்றைய சந்தை விலை என்ன? இரண்டு இடத்தில் விசாரித்தேனா?
4. நானும் வீட்டாரும் இந்தச் சைக்கிளை எதற்கெல்லாம் பயன்படுத்துவோம்? விண்ணப்பத்தில் அது அப்படியே எழுதப்பட்டதா?
5. சைக்கிள் இல்லாமல் ஒரு மாதம் தொழில் நடத்த முடியுமா?

ஐந்துக்கும் விடை எழுதிய தாளைக் காப்புறுதிப் பத்திரத்துடன் ஒரே உறையில் வையுங்கள். அடுத்த வருடம் புதுப்பிக்கப் போகும்போது அந்த உறையைத் திறந்து, எது மாறியிருக்கிறது என்று பாருங்கள். மாறியதை நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.