பிட்யூட்டரிச் சுரப்பியும் மகப்பேற்றுக்குப் பின் நேரும் குறைபாடும்

மண்டையோட்டின் அடித்தளத்தில், மூக்கின் வேருக்குப் பின்புறமாக, சிறு எலும்புக் குழியொன்றில் அமைந்துள்ளது பிட்யூட்டரிச் சுரப்பி. இதனைக் கபச் சுரப்பி என்றும் கூறுவர். இதன் எடை ஏறத்தாழ அரை கிராமே. ஆயினும் உடலின் வளர்ச்சியும், தைராய்டு, அட்ரினல், இனப்பெருக்கச் சுரப்பிகள் ஆகியவற்றின் இயக்கமும், தாய்ப்பால் சுரத்தலும் இச்சுரப்பியின் முன்மடல் ஹார்மோன்களைச் சார்ந்தே நடைபெறுகின்றன. பின்மடல், சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசினையும், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசினையும் வெளியிடுகின்றது.

மிகுதியும் குறைவும்

வளர்ச்சி ஹார்மோன் இளமையில் மிகுதியாகச் சுரந்தால் உடல் அளவுமீறி நெடிது வளரும். எலும்பு வளர்ச்சி முற்றுப்பெற்ற பின்னர் மிகுமாயின் கை, கால், தாடை ஆகியன பருக்கும். இந்நிலைக்கு அக்ரோமெகலி என 1886-ல் பிரெஞ்சு மருத்துவர் பியர் மரீ பெயரிட்டார். இளமையில் இந்த ஹார்மோன் குறைந்தால் குழந்தை குள்ளமாகவே நின்றுவிடும். வாசோபிரெசின் குறைந்தால் அடங்காத் தாகமும், சர்க்கரையற்ற, நீர் போன்ற சிறுநீர் பெருமளவில் கழிதலும் உண்டாகும்.

ஷீஹான் நோய்

இச்சுரப்பியின் கோளாறுகளுள் பெரிதும் தடுக்கத்தக்கது, மகப்பேற்றின்போது ஏற்படும் பெரும் குருதிப்போக்கின் விளைவாக வருவதாகும். இதனை 1937-ல் விரிவாக விளக்கியவர் ஷீஹான் என்னும் ஆங்கில மருத்துவர்.

கருவுற்ற காலத்தில் முன்மடல் பருமனில் பெருகுகின்றது. அதன் குருதித் தேவையும் உயர்கின்றது. ஆனால் அதற்குக் குருதி கொணரும் நாளங்களில் அழுத்தம் குறைவு. ஆகவே, பேற்றின்போது குருதி பெருமளவில் வெளியேறி இரத்த அழுத்தம் வீழ்ந்தால், முன்மடலின் திசுக்கள் உணவும் உயிர்வளியுமின்றி மடிகின்றன. மடிந்த பகுதி மீண்டும் வளர்வதில்லை.

முதல் அறிகுறி, தாய்க்குப் பால் சுரவாமையே. பின்னர் மாதவிடாய் திரும்புவதில்லை. அக்குள் உரோமம் உதிர்கின்றது. தோல் வெளிறி உலர்கின்றது. சோர்வும், குளிர் தாங்காமையும், மந்தமும் மிகுகின்றன. இவை மெல்ல மெல்லத் தோன்றுவதால் வெறும் சோகை என்றோ, வறுமையின் தளர்ச்சி என்றோ கருதப்பட்டு ஆண்டுகள் பல கழிந்துவிடுகின்றன. இறுதியில் ஒரு சாதாரணக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வரும்போது, அட்ரினல் ஹார்மோன் இன்மையால் நோயாளி மயங்கி வீழ்ந்து உயிரிழக்கவும் கூடும்.

இந்நோய் அரிதன்று. காஷ்மீரில் நடத்தப்பெற்று 2005-ல் வெளியான ஆய்வில், மகப்பேறு கண்ட, 20 வயதுக்கு மேற்பட்ட பெண்களுள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரிடம் இது காணப்பட்டது. அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் வீட்டில் பிள்ளை பெற்றவர்கள்.

தடுப்பும் சிகிச்சையும்

குழந்தை பிறந்தவுடன் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது குருதிப்போக்கைத் தடுக்கும் சிறந்த முறையாகும். பின்மடல் வெளியிடும் இந்த ஹார்மோனை 1953-ல் செயற்கையாக ஆக்கிய டூ விஞ்ஞோவுக்கு 1955-ல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வாறு பின்மடலின் பொருளே முன்மடலைக் காக்கும் மருந்தாகின்றது. குருதிப்போக்கு மிகுந்தால், குருதியேற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்குத் தாயைத் தாமதமின்றிக் கொண்டு செல்லுதல் இன்றியமையாதது.

நோய் உறுதியானவர்களுக்குக் குறைவுபட்ட ஹார்மோன்களை மாத்திரைகளாக அளித்தால் நலமுடன் வாழலாம். அட்ரினல் குறைவு இருப்பின் முதலில் ஹைட்ரோகார்ட்டிசோனும், அதன் பின்னரே தைராக்சினும் தரப்பெறும். வரிசை மாறினால் ஆபத்து. ஹைட்ரோகார்ட்டிசோனை ஒருநாளும் நிறுத்தலாகாது. காய்ச்சல் கண்ட நாட்களில் மருத்துவர் கூறியபடி அளவை உயர்த்த வேண்டும்.

கள ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

தீராத சோர்வுடைய தாயிடம் கள ஊழியர் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும்: கடைசிப் பேற்றில் குருதிப்போக்கு மிகுதியாக இருந்ததா? குழந்தைக்குப் பால் சுரந்ததா? அதன்பின் மாதவிடாய் வந்ததா? விடைகள் ஐயத்தைத் தருமாயின், இரும்புச்சத்து மாத்திரையுடன் நிறுத்தாமல் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

ஆசிரியர் மாணவரின் உயரத்தை ஆண்டுதோறும் அளந்து குறித்து வைத்தல் நன்று. பருவமடையாத பிள்ளை ஓராண்டில் 4 செ.மீ. கூட வளராவிடில் மருத்துவப் பரிசோதனை தேவை. எலும்பின் வளர்முனைகள் மூடிக்கொண்ட பின்னர் வளர்ச்சி ஹார்மோன் ஊசியால் உயரம் கூடுவதில்லை. எனவே காலத்தே கண்டறிதலே பயன் தரும்.