கோலும் சொல்லும்

அன்புள்ள நண்பருக்கு,

‘தி ஓரேட்டர்’ படம் பார்த்துவிட்டு, “இது மரபைத் தூக்கிப் பிடிக்கிறதா, கண்டிக்கிறதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் செய்கிறது என்பேன். அதனால்தான் அது எனக்கு இவ்வளவு பிடித்த படம்.

டூசி டமாசேசே எழுதி இயக்கிய இந்தப் படம் 2011இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. சமோவாவிலேயே எடுக்கப்பட்டு, முழுக்க சமோவ மொழியிலேயே அமைந்த முதல் கதைப்படம். சுற்றுலா விளம்பரத்துக் கடற்கரையை இதில் தேட வேண்டாம். மழையும் சேறும் சேப்பங்கிழங்குத் தோட்டமும்தான் இதன் உலகம்.

நாயகன் சைலி உருவத்தில் குள்ளமானவன், வாய் பேசக் கூசுபவன். மனைவி வாயிங்கா பிறந்த ஊரிலிருந்து விரட்டப்பட்டவள். தன் பெற்றோரின் கல்லறையைக்கூட அவனால் ஊர் இளைஞர்களிடமிருந்து காப்பாற்ற முடியவில்லை. ஊர்ச்சபையில் பேசுவதற்கு ‘மத்தாய்’ என்ற தலைவர் பட்டம் வேண்டும். அப்பா மத்தாய் என்பதற்காக அது மகனுக்குத் தானாக வந்துவிடாது. உறவுமுறை கூடி, இவன் தகுதியானவன் என்று ஒப்ப வேண்டும். இதுவரை மரபு அவனுக்கு மூடிய கதவுதான்.

ஆனால் அதே மரபில் ‘இஃபோங்கா’வும் இருக்கிறது. தவறிழைத்த தரப்பு, பாதிக்கப்பட்டவர் வீட்டு முன் வந்து, தாழையில் நுணுக்கமாக நெய்த பாயைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அடிக்கவும் செய்யலாம் என்று தன்னை முழுதாக ஒப்படைப்பது அது. வீட்டார் வந்து பாயை விலக்கினால் மன்னித்தாயிற்று. பகை தலைமுறைகளுக்கு நீளாமலிருக்க ஊர் கண்டுபிடித்த வழி.

வாயிங்கா இறந்ததும் அவளுடைய சகோதரன் அவள் உடலைத் தன் ஊருக்குத் தூக்கிப் போகிறான். சைலி பின்தொடர்ந்து போய், பேச்சுத் தலைவர்களுக்கு உரிய கோலையும் தென்னைநார்ச் சாமரத்தையும் ஏந்தி, எல்லார் முன்னும் பேசி அவளைக் கேட்டுப் பெறுகிறான். அடிதடியில் இறங்கியிருந்தால் தோற்றிருப்பான், ஊரைவிட்டு ஓடியிருந்தால் அவளை இழந்திருப்பான். தன்னை ஒதுக்கிய முறையின் உள்ளே நின்று, அதன் மிக உயர்ந்த கலையாலேயே வெல்கிறான்.

அவள் உயிரோடிருந்தபோது ஊர் அவனுக்குச் செவிகொடுக்கவில்லை என்பதையும் படம் மறைக்கவில்லை. எளியவன் எழுந்து பேச இடம் கொடுக்கும்வரைதான் மரபுக்கு மதிப்பு. படம் சொல்வது இதைத்தான் என்று நம்புகிறேன். அந்தக் கடைசிப் பேச்சை இன்னொருமுறை பாருங்கள். இம்முறை சைலியைவிட, கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகங்களைக் கவனியுங்கள்.

அன்புடன்.