மருந்து கெட்டித்த துப்பாக்கியும் சில நம்பிக்கைகளும்

செய்யாறு, ஆரணி, வந்தவாசிப் பக்கம் தெருவுக்கு ஒரு பிள்ளையாவது அமெரிக்காவில் வேலை பார்க்கிறது. அங்கே பள்ளியிலோ கடையிலோ துப்பாக்கிச் சூடு என்று டிவியில் ஓடினால் இங்கிருந்து போன் போகிறது. "நீ பத்திரமா இருக்கியா?" என்று கேட்டு முடித்ததும் வழக்கமாக ஒரு வாக்கியம் வரும்: "நல்ல வேளை, நம்ம பக்கம் அந்தச் சனியன் இல்ல." அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்கலாம்.

நம்பிக்கை: துப்பாக்கி அமெரிக்காக்காரன் வியாதி. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பொதுமக்கள் கையில் அதிகத் துப்பாக்கிகள் உள்ள நாடு அமெரிக்காதான். ஜெனீவாவில் இயங்கும் 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' நிறுவனம் 2018இல் வெளியிட்ட கணக்குப்படி அங்கே 39 கோடியே 30 லட்சம். நூறு பேருக்கு 120, அதாவது ஆளைவிடத் துப்பாக்கி அதிகம். எண்ணிக்கையில் இரண்டாம் இடம் யாருக்கு என்று கேட்டால் பெரும்பாலோர் ஏதாவது ஒரு பாலைவன நாட்டைச் சொல்வார்கள். இந்தியாவுக்குத்தான்: ஏறத்தாழ 7 கோடியே 11 லட்சம். மக்கள்தொகை பெரிது என்பதால் நூறு பேருக்கு ஐந்து என்று அடங்கிவிடுகிறது. இதில் பதிவில் இருப்பவை ஒரு கோடிக்கும் குறைவு. மற்றவை கணக்கில் வராதவை, மதிப்பீடுதான். கணக்கில் வராதவற்றில் ஒரு பங்கு நமக்கு மேற்கே இருக்கிறது. செய்யாறு ஊருக்குப் பெயர் தந்த ஆறு பிறக்கும் ஜவ்வாது மலையில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டது என்ற செய்தி, பத்திரிகையின் மாவட்டப் பக்கத்துக்குப் புதிதல்ல. நாட்டுத் துப்பாக்கி என்றதும் நரிக்குறவரைக் கைகாட்டிவிட்டு நகர்வது இன்னொரு சோம்பல். பிடிபடுகிறவர்களில் மானாவாரிக்காரரும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குப் போகும் வசதியான ஆளும் உண்டு.

நம்பிக்கை: நம் பண்பாட்டில் துப்பாக்கியே கிடையாது.

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதியபோது இந்த வட்டாரம் துப்பாக்கிச் சத்தத்துக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. 1751இல் ஆரணியில் சண்டை போட்டு வென்றவர் ராபர்ட் கிளைவ். ஐம்பது ஆண்டு கழித்து, 1801 டிசம்பரில், அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ் சென்னை கவர்னராக இருந்துகொண்டு தென்பாளையங்களில் யாரும் துப்பாக்கியோ ஈட்டியோ வைத்திருக்கக் கூடாது, மீறினால் மரண தண்டனை என்று பிரகடனம் போட்டார். பாளையக்காரர்களை அடக்கிய கையோடு வந்த உத்தரவு அது. 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1959இல் நாமே ஒன்று இயற்றிக்கொண்டோம். நம் அமைதி குணத்தில் வந்ததென்று பெருமைப்படுகிறோம். அதில் பாதி உத்தரவில் வந்தது.

ஆதாரம் வேண்டுமானால் குடகைப் பாருங்கள். அங்கே கொடவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து உரிம விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. கைல்போத் பண்டிகையில் வீட்டுத் துப்பாக்கிக்குப் பூவைத்துப் பூசை நடக்கிறது. அமெரிக்காவிலோ 1791இல் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் வந்தது. அதன்படி, தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில் சொன்னது. 2022இல் புரூயன் வழக்கில் அதை வீட்டுக்கு வெளியிலும் நீட்டியது. அங்கே உரிமை, இங்கே கலெக்டர் கொடுத்தால் உண்டு. மனிதர்கள் ஒரே மாதிரிதான்.

நம்பிக்கை: துப்பாக்கி தானாக வெடித்துவிட்டது.

விபத்துக்குப் பிறகு போலீஸிடமும் சொந்தக்காரரிடமும் சொல்லப்படும் முதல் வாக்கியம் இது. சொல்கிறவர் பொய் சொல்வதில்லை, அப்படித்தான் நம்புகிறார். ஆனால் நாட்டுத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் 'தானாக' என்பது நிற்காது.

குழலின் வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டுவார்கள். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த கலவை அது. மேலே துணியையோ தேங்காய் நாரையோ வைத்துக் கம்பியால் கெட்டிப்பார்கள். பிறகு பால்ரஸ் அல்லது ஈயக் குண்டு, மறுபடி நார். பின்பக்கம் சின்னக் கேப். குதிரை என்று சொல்லப்படும் சுத்தியல் அந்தக் கேப்பைத் தட்டினால் உள்ளே தீப்பொறி போகும். இவ்வளவுதான் இயந்திரம். தொழிற்சாலைத் துப்பாக்கியில் இருக்கும் பூட்டு இதில் பெரும்பாலும் இல்லை. குழலே சில இடங்களில் தண்ணீர்க் குழாய். மருந்து அளவு மிஞ்சினால் குண்டு வெளியே போவதற்கு முன் குழல் பிளந்து, சுட்டவன் கையைத்தான் முதலில் எடுக்கும்.

விஷயம் இதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. கெட்டித்த மருந்தை வெளியே எடுப்பது பெரிய வேலை. சுட்டுத் தீர்த்தால்தான் சுலபம். சுட்டால் சத்தம், சத்தம் கேட்டால் வனத்துறை. ஆகவே காட்டுப்பன்றி வராத இரவிலும் துப்பாக்கி நிரப்பியபடியே வீடு திரும்புகிறது. கூரையிடுக்கிலோ நெல் மூட்டைக்குப் பின்னாலோ, உரிமம் இல்லாததால் யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒளிகிறது. வேலி தாண்டும்போது புதரில் குதிரை மாட்டிக்கொள்வது, பக்கத்தில் உட்கார்ந்தவன் எடுத்துப் பார்ப்பது, நெற்றி லைட் வெளிச்சத்தில் புதருக்குள் அசைந்த கூட்டாளியைப் பன்றி என்று நினைப்பது எல்லாம் கடைசி நொடி மட்டுமே. விபத்து அதற்குப் பல மணி நேரம் முன்பே, கெட்டித்து வைத்தபோதே தயாராகிவிட்டது. மழைக்காலத்தில் இன்னொரு வகை உண்டு. மருந்து ஈரம் பட்டிருக்கும். விசையை இழுத்தால் 'டிக்' என்ற சத்தம்தான் வரும். வெடிக்கவில்லையே என்று குழலைத் தன் பக்கம் திருப்பிப் பார்க்கும்போது உள்ளே புகைந்துகொண்டிருந்த பொறி மருந்தைப் பிடித்துவிடும்.

உரிமத்தோடு வாங்கிய நல்ல துப்பாக்கியில் இதெல்லாம் நடக்காது என்பவர்கள் 2024 அக்டோபர் 1 அன்று மும்பையில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். நடிகர் கோவிந்தா அதிகாலையில் வெளியூர் கிளம்பும் அவசரத்தில் தம் ரிவால்வரை எடுத்துவைக்கும்போது குண்டு காலில் பாய்ந்தது. உரிமம் உள்ள துப்பாக்கிதான். உள்ளே குண்டு இருந்தது.

நம்பிக்கை: காலித் துப்பாக்கிதானே.

2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் காலி என்று சொல்லித்தான் ஒரு துப்பாக்கியை நடிகர் அலெக் பால்ட்வின் கையில் கொடுத்தார்கள். அது வெடித்ததில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். ஆயுதப் பொறுப்பாளருக்கு 18 மாதச் சிறை. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நம்பிக்கை: தொடாதே என்று சொல்லி வளர்த்தால் பிள்ளை தொடாது.

அட்லாண்டாவில் மருத்துவர்கள் இதைச் சோதித்தே பார்த்து 2001இல் வெளியிட்டார்கள். 8 முதல் 12 வயதுள்ள 64 பையன்களைச் சின்னக் குழுக்களாக ஓர் அறையில் விட்டார்கள். இழுப்பறையில் சுட முடியாதபடி செய்த நிஜக் கைத்துப்பாக்கி. 48 பேர் கண்டுபிடித்தார்கள், 30 பேர் கையில் எடுத்தார்கள், 16 பேர் விசையை இழுத்தார்கள். கண்டெடுத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதைப் பொம்மை என்று நினைத்தார்கள் அல்லது நிஜமா என்று தெரியாமல் இருந்தார்கள். கையில் எடுத்தவர்களிலும் விசையை இழுத்தவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஏற்கெனவே துப்பாக்கி ஆபத்து பற்றிப் பாடம் கேட்டவர்கள். வயது இன்னும் குறைந்தால் பாடம் என்ற பேச்சே இல்லை. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்து வால்மார்ட் கடையில் இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையில் இருந்த துப்பாக்கியை எடுத்ததில் தாய் இறந்தார்.

நம் வீட்டில் இதற்குச் சமம் ஏர்கன். திருவிழாவில் பலூன் சுடும் அதே சாமான். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ளதற்கு உரிமம் வேண்டாம். அதனால் பொம்மை என்று ஆகிவிடாது. கண்ணில் பட்டால் பார்வை போகும். கிட்டத்திலிருந்து பட்டால் உயிரும் போயிருக்கிறது. குருவி சுட வாங்கித் தருகிற சித்தப்பாக்கள் கவனிக்க.

நம்பிக்கை: வீட்டில் ஒன்று இருந்தால் பாதுகாப்பு.

மெம்ஃபிஸ், சியாட்டில், கால்வெஸ்டன் ஆகிய மூன்று அமெரிக்க ஊர்களில் வீடுகளில் நடந்த சூடுகளை ஆர்தர் கெல்லர்மன் குழு ஆராய்ந்து 1998இல் எழுதியது. தற்காப்புக்காக வீட்டுத் துப்பாக்கி சுட்டது ஒருமுறை என்றால், தவறிச் சுட்டது நான்கு, குற்றமாகச் சுட்டது ஏழு, தற்கொலையும் தற்கொலை முயற்சியும் பதினொன்று.

இங்கே நம் பக்கத்துப் பிழை ஒன்றையும் திருத்தவேண்டும். டிவியைப் பார்த்து, அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிச் சூட்டில் சாகிறார்கள் என்றோ விபத்தில் சாகிறார்கள் என்றோ நினைக்கிறோம். 2021இல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் தற்கொலை 26,328, கொலை 20,958. விபத்து என்று பதிவானவை 549 மட்டுமே. ஒருவர் கைத்தவறில் இன்னொருவர் செத்தால் சில இடங்களில் அது கொலைக் கணக்கில் ஏறிவிடுவதால் உண்மை எண் இதைவிடக் கூடுதல் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்படியே கூட்டினாலும் பாதிக்கு மேல் தற்கொலைதான். திருடனுக்காக வாங்கியது அதிகமாகச் சுடுவது வாங்கியவன் வீட்டாரைத்தான்.

நம்பிக்கை: எதிரே ஆளில்லாமல் சுட்டால் ஆபத்தில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி சுடுதளத்தில் 2021 டிசம்பர் 30 அன்று மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், முறையான தளம், எதிரே யாரும் இல்லை. தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று இறந்தான். ராணுவ வகைத் துப்பாக்கிக் குண்டுக்குக் கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை. வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் கீழே வந்துதான் தீரும். வடக்கே கல்யாண ஊர்வலங்களில் இப்படிச் செத்தவர்கள் பலர். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்தில் கொண்டாட்டச் சூட்டுக்கே தனியாக இரண்டாண்டு வரை சிறை வைத்தார்கள்.

நம்பிக்கை: காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று அரசு சொல்லிவிட்டது.

2025 ஜனவரியில் வந்த அறிவிப்பைத்தான் டீக்கடையில் இப்படிச் சுருக்கிவிட்டார்கள். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியைச் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள். விவசாயிக்கு அனுமதி இல்லை. நிலக்கடலையை ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகும் பன்றியைப் பார்த்துக் கொதிப்பவரிடம் இதைச் சொல்வது சங்கடம்தான். அவர் இழப்பு நிஜம், நிவாரணம் தாமதம். ஆனால் அவருக்கு ஒரு வழி சட்டத்திலேயே உண்டு என்பதை அதிகம் பேர் அறிவதில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் தருவதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வயது 21 ஆகியிருக்க வேண்டும், மனு கலெக்டருக்கு. கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வனவிலங்கைக் கொல்ல அது அனுமதிச் சீட்டு அல்ல. சத்தம் போட்டு விரட்டத்தான். உரிமமில்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது இரண்டாண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு. காவல்துறை அவ்வப்போது 'தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை' என்று மலைக் கிராமங்களில் அறிவிக்கிறது. அந்த நாட்களைப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

நம்பிக்கை: ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் ஆகிவிடும்.

ஆகும். டாக்டர் போலீஸுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். ஆனால் போலீஸ் வரும்வரை காத்திராமல் முதலில் சிகிச்சை தரவேண்டும் என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. கேஸுக்குப் பயந்து ஊரிலேயே கத்தியால் பால்ரஸ் நோண்டி எடுப்பதும் மஞ்சள் அப்பிக் காத்திருப்பதும் பிழைக்க வேண்டியவரைக் கொன்றுவிடும். குண்டை எடுப்பது அவசரம் அல்ல, ரத்தத்தை நிறுத்துவதுதான் அவசரம். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்துங்கள். நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொரு துணி. அழுத்துகிறவர் அழுத்தட்டும், இன்னொருவர் 108க்குப் போன் போடட்டும். குண்டு பட்டது என்று உள்ளபடியே சொல்லுங்கள். மரத்திலிருந்து விழுந்தான் என்றால் டாக்டர் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.